கனோலா வயல்களில் தண்டழுகல்: நோய் தெரிவதற்கு முன்பே மருந்து

கனடாவின் மேற்கு மாகாணங்களான சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா, மனிடோபா ஆகியவற்றில், ஜூன் மாதக் கடைசியிலிருந்து கனோலா வயல்கள் மஞ்சள் நிறமாகப் பூத்துக் கிடக்கும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த எண்ணெய்வித்துப் பயிர், அந்நாட்டில் 80 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தில் பயிராகிறது.

பூ விரியும் இந்தச் சில நாட்களில்தான் விவசாயி ஒரு முடிவெடுத்தாக வேண்டும். இன்னும் கண்ணுக்குத் தென்படாத ஒரு நோய்க்காகப் பணம் செலவிட்டு மருந்து தெளிப்பதா, விட்டுவிடுவதா என்பதே அது.

ஸ்கிளரோட்டினியா தண்டழுகல் என்ற அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணம், எலிப் புழுக்கை போன்ற கறுத்த கட்டிகளாக மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் தொடர்ந்து ஈரமாக இருந்தால் அக்கட்டிகள் முளைத்து, சிறு கிண்ணம் போன்ற காளான்களை விடும். அவற்றிலிருந்து வெளிப்படும் வித்திகள் காற்றில் பரவும்.

வியப்பு என்னவென்றால், இந்த வித்திகளால் நலமான பச்சை இலையை நேரடியாகத் தாக்க இயலாது. அவற்றுக்கு முதலில் உணவு தேவை. அந்த உணவு உதிரும் பூவிதழ்தான். வித்திகள் படிந்த இதழ் இலையிலோ கணுவிலோ ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, பூஞ்சணம் இதழைத் தின்று வலுப்பெற்று, ஒக்சாலிக் அமிலத்தைச் சுரந்து தண்டுக்குள் நுழைகிறது.

இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே தண்டு வெளுத்து, நார் நாராகக் கிழிந்து, செடி சாய்கிறது. அப்போது எந்த மருந்தும் பயன் தராது. எனவேதான் 20 முதல் 50 சதவீதம் வரை பூத்த நிலையிலேயே தெளிக்க வேண்டும் என்கிறார்கள் வேளாண் அதிகாரிகள். முதன்மைத் தண்டில் ஏறக்குறைய 15 பூக்கள் விரிந்திருந்தால் அது 20 சதவீத நிலை. விவசாயிகள் வயலுக்குள் இறங்கிப் பூக்களை எண்ணுவது இதனால்தான்.

இதழ்களைச் சேகரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஆனால் முடிவு வரச் சில நாட்களாகும். பூ அதுவரை காத்திருப்பதில்லை.

பாதிக்கப்பட்ட செடிகளின் சதவீதத்தில் பாதியை விளைச்சல் இழப்பாகக் கொள்வது அங்கு வழக்கம். நூற்றுக்கு இருபது செடிகள் அழுகினால், பத்து சதவீதம் போய்விடும்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. நல்ல மழை, அடர்ந்த பயிர் என விவசாயி விரும்புவதையே பூஞ்சணமும் விரும்புகிறது. மழை மிகுந்த 2016இல் சஸ்கச்சுவானில் நோய் பரவலாகக் காணப்பட்டது. கடும் வறட்சி நிலவிய 2021இல் நோய் வெகு குறைவு, விளைச்சலும் வீழ்ந்தது. ஆகவே மருந்துச் செலவு என்பது நல்ல விளைச்சலை எதிர்பார்ப்பவர் கட்டும் காப்புறுதித் தவணை போன்றது. ஏமாற்றமான ஆண்டில் அதுவும் வீண்.

முழுமையான எதிர்ப்புச் சக்தி கொண்ட ரகம் இன்னும் கிடைக்கவில்லை. ஓரளவு தாங்கும் ரகங்களே விற்பனையில் உள்ளன. கறுத்த கட்டிகளை மண்ணிலேயே தின்றழிக்கும் வேறொரு பூஞ்சணமும் விற்கப்படுகிறது. ஆயினும் பரந்த பிரெய்ரி வயல்களுக்கு அது கட்டுப்படியாவது கடினம்.

பயிர்ச் சுழற்சி உதவாதா? கோதுமை, பார்லி போன்ற தானியங்களை இந்த நோய் தாக்குவதில்லை. ஆனால் 400க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இதற்கு இரையாகின்றன. பட்டாணியும், இலங்கைச் சமையலறைகளுக்குக் கனடாவிலிருந்து வந்து சேரும் மைசூர்ப் பருப்பும் அவற்றுள் அடக்கம். கனோலா நல்ல விலைக்குப் போவதால், இடைவெளி விட்டுப் பயிரிடுமாறு தரப்படும் ஆலோசனை பலருக்கு ஏட்டளவிலேயே நிற்கிறது. அதைக் கடைப்பிடிப்பவரின் வயலுக்கும், அடுத்த வயலில் முளைத்த காளானின் வித்திகள் காற்றோடு வந்துவிடுகின்றன.