நடுகல்லும் வெண்மணியும்

மாண்டோரைக் கல் நாட்டிப் போற்றுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்காகும். தொல்காப்பியர் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளாகப் புறத்திணையியலில் வகுத்துரைத்தார். இவற்றுள் கல்லை நாட்டுதல் ஒரு துறையே. அதன் முன்னும் பின்னும் நிகழ்வன மக்கள் கூடிச் செய்வன. ஆகவே நினைவுச் சின்னமென்பது கல் மாத்திரமன்று. மக்கள் வந்து கூடும் இடமும் அதன் உறுப்பேயாம்.

நிற்க. நடுகல் பெரும்பாலும் போரில் வீழ்ந்த மறவர்க்கு உரியது. படைக்கலம் ஏந்தாது கொலையுண்ட பெண்டிர்க்கும் குழவியர்க்கும் கல்லெடுப்பது எங்ஙனம்? இவ்வினா நம் காவிரி நாட்டிற்குப் புறம்பானதன்று.

1968 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் இரவு, அந்நாளில் தஞ்சை மாவட்டத்தில் அடங்கியதும் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்ததுமாகிய கீழ்வெண்மணியில், தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு சிறு குடிசையினுள் எரியூட்டப்பட்டு மாண்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாருமாவர். நெற்கூலியை உயர்த்தக் கேட்டதும் சங்கமாகக் கூடியதுமே அவர்தம் குடியினர்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். யாம் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடி மகிழும் இரவே அது. 1969 இல் உழவுத் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. 1970 இல் நாகைச் செசன்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலையாயினர். நீதிமன்றம் சொல்லாது விட்டதை நினைவிடமே சொல்லவேண்டியதாயிற்று.

இத்தகைய இடத்தை அமைப்போர் மூன்றனைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது பெயர். பெர்லின் நகரில் 2005 இல் திறக்கப்பெற்ற யூதர் நினைவிடத்தைப் பீட்டர் ஐசன்மன் வரைந்தமைத்தார். அங்கு நிற்கும் 2,711 கான்கிரீட்டுப் பாளங்களிற் பெயரொன்றும் இல்லை. பெயர்களை நிலத்தடிக் கூடத்திலேதான் அறியலாம். மாண்டோர் 60 இலட்சம்பேர் ஆதலின் அது பொருந்தும். வெண்மணித் தூணிலோ 44 பெயர்களும் பொறிக்கப்பெற்றுள்ளன. பெயர் சொல்லி மதிக்கப்பெறாது வாழ்ந்தோர்க்கு அதுவே தக்க சிறப்பாம்.

இரண்டாவது சொல். அவர்களைத் தியாகிகள் என்பர். அச்சொல் பெருமை தருவது. ஆயினும் குழவி தன் உயிரை ஈந்ததன்று, அஃது அக்குழவியிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆதலின் எவரால், எதன்பொருட்டுக் கொல்லப்பட்டனர் என்பதையும் கல் கூறல் வேண்டும்.

மூன்றாவது இடம். குடிசை நின்ற மண்ணிலேயே வெண்மணிச் சின்னம் எழுந்தது மிகப் பொருத்தம். ஆண்டுதோறும் டிசம்பர் 25 ஆம் நாள் ஆங்கு மக்கள் திரண்டு வணங்குவர். ஆனால் துயருற்றோர் தம் துயரை மறப்பதில்லை, மறப்போர் ஏனையோரே. பெர்லின் நினைவிடம் கொலைக்கு ஆணையிட்ட தலைநகரின் நடுவிலேயே நிற்கின்றது. அவ்வாறே நெல்லுண்ணும் நகரங்களாகிய தஞ்சையிலும் நாகையிலும், பள்ளிச் சிறுவர் நாடோறும் கடந்து செல்லும் வழியில், நிழல்தரு மரமும் அமருந் திண்ணையுமுடைய எளியதொரு முற்றமும் 44 பெயர்கொண்ட கல்லும் அமைதல் வேண்டுமென்பது எம் துணிபு.

மருதத்திணைப் பாடல்களைச் சுவைத்துக் கற்கும் நண்பர்காள்! அவ்வயலில் நாற்று நட்ட கைகளையும் அறிந்து கற்போமாக. வரும் டிசம்பரில் நம்மூர் ஆலயமணி ஒலிக்குங்கால் அந்நாற்பத்து நால்வரையும் நம் மன்றாட்டில் நினைப்போமாக.