காற்றை உண்டு நடக்கும் விலங்குகள்

நெதர்லாந்து எனப்படும் ஒல்லாந்து தேசத்தின் கடற்கரையிலே, கோடைகாலத்தில் ஓர் அதிசயக் காட்சியைக் காணலாம். பெரியதோர் எலும்புக்கூடு, தன் பல கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வைத்து, ஈரமணலில் அசைந்து நடந்து செல்லும். அதற்கு உயிருமில்லை, மோட்டாருமில்லை. எண்ணெயோ மின்சாரமோ அது வேண்டுவதில்லை. அதன் உணவு காற்று ஒன்றே!

இவ்விந்தையை ஆக்கியவர் தியோ யான்சன் என்னும் சிற்பி. 1948ஆம் ஆண்டு ஸ்கேவனிங்கன் என்ற கடற்கரையூரிற் பிறந்த இவர், டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்று, பட்டம் பெறுமுன்னரே ஓவியக் கலையை நாடிச் சென்றார். ஆயினும், கற்ற பௌதிகம் அவரை விட்டு அகலவில்லை.

கடலோடு போராடும் நாடு

யாழ்ப்பாணத்திலே ஐங்கோணக் கோட்டை அமைத்த ஒல்லாந்தரை நாம் அறிவோம். அவர்தம் தாய்நாட்டில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. அதனைக் காத்து நிற்பன அணைகளும் கரையோர மணற்குன்றுகளுமே. 1953 பெப்ரவரி முதலாந் திகதி கடல் பொங்கி அணைகளை உடைத்தபோது, அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர்.

அத்தகைய நாட்டிற் பிறந்த யான்சன், 1990ஆம் ஆண்டிலே பத்திரிகைக் கட்டுரையொன்றில் ஒரு கற்பனையை வெளியிட்டார். கடல் மட்டம் உயர்ந்து வருகின்றது. மணலைக் கிளறித் தூற்றி மணற்குன்றுகளை வளர்க்கும் விலங்குகளைப் படைத்தால் என்ன? எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. வீடுகளில் மின்கம்பி செலுத்தும் மஞ்சள்நிறப் பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி, வேலையைத் தொடங்கினார். முதற்பிராணியோ எழுந்து நிற்கவும் வலியற்றிருந்தது.

பதினொரு எண்கள்

வண்டிச் சில்லு சுழலும்போது அதன் அச்சு ஏறி இறங்குவதில்லை. ஆதலாற்றான் வண்டி சமமாக ஓடுகின்றது. காலால் நடக்கும் பொருளின் உடலும் அவ்வாறே ஒரே மட்டத்தில் நகரவேண்டும். இன்றேல், உடலைத் தூக்குவதிலேயே காற்றின் வலுவெல்லாம் வீணாகிவிடும். இதற்கேற்ற குழாய்களின் நீளங்களை யான்சன் கணினியின் துணைகொண்டு தேடினார். வெவ்வேறு அளவுள்ள 1,500 கால்களைக் கணினியில் அமைத்து, அவற்றுள் நன்கு நடந்த 100ஐத் தெரிந்து, அவற்றின் அளவுகளைக் கலந்து மீண்டும் 1,500 கால்களை அமைத்தார். இவ்வாறு பல மாதங்கள் இரவு பகலாக நடந்த தேர்வின் முடிவிற் கிடைத்தவை 11 எண்கள். அவற்றை அவர் 'புனித எண்கள்' என்பார்.

பின்வந்த சில பிராணிகளுக்குச் சிறகுகளும் உண்டு. அவை காற்றில் அசைந்து, வெறும் பிளாஸ்டிக் போத்தல்களுள் காற்றை அமுக்கி நிரப்பும். வீசும் காற்று ஓய்ந்தபின், அந்தச் சேமிப்பே கால்களை நகர்த்தும். தரையோடு இழுபடும் குழாயொன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே செல்லும். அதனுள் நீர் புகுந்ததும், பிராணி திசைமாறிக் கடலை விட்டு விலகும்.

பயன் யாது?

இவ்விலங்குகள் நாட்டைக் காக்கும் மணற்குன்றுகளை எழுப்பினவா எனிற் கேள்வி நியாயமானதே. இல்லை, எழுப்பவில்லை. அவற்றின் உடலும் பிளாஸ்டிக்கே. ஆயினும், 2011ஆம் ஆண்டில் நடந்ததொன்றை இங்கு கூறுதல் தகும். அதே கரையிற் சிறிது தெற்கே, பொறியியலாளர் 2 கோடியே 15 இலட்சம் கனமீற்றர் மணலைக் கடலோரத்திற் குவித்தனர். அம்மணலைக் கரை நெடுகப் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்குமே விட்டுவிட்டனர். சிற்பியின் கனவிலிருந்து இத்திட்டம் பிறந்ததென நாம் கூறவில்லை. எனினும் இரண்டும் புகட்டும் பாடம் ஒன்றே: இயற்கையை எதிர்த்து மோதுவதினும், அதனை வேலைக்கு அமர்த்துதல் மேல்.

கோடை கழிந்ததும், அவ்வாண்டுப் பிராணி 'அழிந்த இனம்' எனச் சிற்பியாலேயே அறிவிக்கப்படும். அது தவறிய இடத்தைக் கண்டு, அடுத்த பிராணி திருத்தமாக எழும். தாம் அரிதின் முயன்று கண்ட 11 எண்களையும் அவர் ஒளித்து வைக்கவில்லை, உலகறிய வெளியிட்டார். பல நாட்டு மாணவர்கள் அவற்றைக்கொண்டு சிறு உருவங்களை ஆக்கி நடக்கவிடுகின்றனர். தம் விலங்குகள் இனம் பெருக்கும் வழி அதுவேயென்பது அவர் கருத்து.

நம் மாணவர்களும் அட்டையும் குச்சியும் எடுத்து, ஒரு காலையேனும் செய்து பார்க்கலாமே! முதற்கால் நில்லாது சரிந்தால் மனந்தளர வேண்டாம். யான்சனின் முதற்பிராணியும் நிற்கவில்லை.