சுமத்ரா அதிர்ந்தால் கிள்ளான் எவ்வளவு ஆடும்?

நிலநடுக்கம் என்றவுடன் ஜப்பானும் இந்தோனேசியாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், 2005 மார்ச் 28 நள்ளிரவில் நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் இருந்தோர் அலறியடித்துக்கொண்டு கீழே இறங்கினர். 2022 பிப்ரவரி 25-இல் மேற்குச் சுமத்ராவில் ஏற்பட்ட 6.1 அளவு நிலநடுக்கமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உணரப்பட்டது.

முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்வது நம்மை எப்படி எட்டுகிறது? விரைவாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான அலைகள் நெடுந்தூரம் வரும். உயரமான கட்டடங்களும் மெதுவாகவே ஆடக்கூடியவை. இருபது மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ 2 வினாடி ஆகும். அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல் ஆட்டம் பெருகும். மென்மையான மண் இதை மேலும் கூட்டும். 1985-இல் மெக்சிகோ நகரம் பேரழிவைச் சந்தித்ததற்கு, அது பழைய ஏரிக் களிமண்ணின்மீது அமைந்திருந்ததே முக்கியக் காரணம். நிலநடுக்க மையமோ 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நம் கிள்ளானின் கடலோரப் பகுதிகளும் ஆழமான மென்களிமண்ணின்மீதே இருக்கின்றன.

ஆகவே, "எப்போது வரும்?" என்பதைவிட "வந்தால் எந்த இடம் எவ்வளவு ஆடும்?" என்ற கேள்வியே நமக்குப் பயன்படும். முதல் கேள்விக்கு எந்தக் கணினியாலும் விடை கூற இயலாது. இரண்டாவதற்கு மீத்திறன் கணினி உதவும்.

அமெரிக்காவின் தென் கலிபோர்னிய நிலநடுக்க மையம் உருவாக்கிய 'சைபர்ஷேக்' இதற்குச் சிறந்த சான்று. முதலில் நிலத்தடிப் பாறை, மண் ஆகியவற்றின் முப்பரிமாண மாதிரி அமைக்கப்படும். அதில் அலைகள் பரவும் விதம் கணக்கிடப்படும். பின்னர், நிகழக்கூடிய ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஓர் இடம் எப்படி ஆடும் என்று கணிக்கப்படும். ஓர் இடத்துக்கே இத்தகைய கணிப்புகள் 4 லட்சத்தைத் தாண்டும். 2009-இல் 223 இடங்களுக்கு இக்கணக்கைச் செய்தபோது, ஏறத்தாழ 19 கோடிச் சிறுபணிகள் தேவைப்பட்டன.

இவற்றை மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இயக்க முடியுமா? அன்னதானச் சமையலை எண்ணிப் பாருங்கள். காய் நறுக்கிய பின்பே குழம்பு. ஓர் அடுப்பு அணைந்தால் பானையை அடுத்த அடுப்புக்கு மாற்ற வேண்டும். அங்கே தலைமைச் சமையல்காரர் செய்யும் வேலையை இங்கே 'பெகசஸ்' என்னும் பணியோட்ட மென்பொருள் செய்கிறது. எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தி, தோற்ற பணியை மீண்டும் தொடங்கி, தரவுகளை உரிய இடத்தில் சேர்க்கிறது.

எனினும், கணினி எவ்வளவு பெரியதாயினும் நாம் தரும் மண் விவரம் தவறானால் விடையும் தவறாகும். கிள்ளானின் களிமண் எங்கே எவ்வளவு ஆழம், சுமத்ராப் பிளவு எவ்வாறு நகர்கிறது என்பவற்றை அளந்தறிய வேண்டும். கட்டடங்களின் நில அதிர்வு வடிவமைப்புக்கான யூரோகோட் 8-க்கு மலேசியா தன் தேசிய இணைப்பை வெளியிட்டது 2017-இல்தான். அதற்கு முன் எழுந்த கட்டடங்கள் பெரும்பாலும் நில அதிர்வைக் கருதாமல் கட்டப்பட்டவை. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸிலும் இன்று உயர்ந்த குடியிருப்புகளில் நம்மவர் பலர் வாழ்கின்றனர்.

கட்டடப் பொறியியல், நிலவியல், கணினியியல் பயிலும் நம் மாணவர்கள் இத்துறையில் ஆய்வு செய்ய முன்வர வேண்டும். எந்தக் கட்டடத்தை முதலில் வலுப்படுத்துவது என்று முடிவெடுக்க அந்த ஆய்வுகள் கைகொடுக்கும்.