ஏழு நாடுகளும் ஒரு நடுவரும்

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பர் நம் பெரியோர். இழுப்பவர் எல்லாரும் ஒரே வீதியில் நின்றால் வேலை எளிது. ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, கைபேசி வழியாக ஒரு தேரை ஐந்து வாரம் இழுக்க முடியுமா? சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்புத் தோழியர் எழுவர் அவ்வாறு ஒரு தேரை இழுத்தனர். அதன் பெயர் 'டிப்ளமசி'. இராஜதந்திரம் என்பது அச்சொல்லின் பொருள். அவ்விளையாட்டுக்கு நான் நடுவராக இருந்தேன். அதை நடத்துவது எப்படி என்பதையும், நடத்தியதில் நான் கற்றதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலன் கால்ஹமர் என்னும் அமெரிக்கர் 1954-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டை வகுத்தார். 1959-இல் தாமே 500 பிரதிகள் வெளியிட்டார். 1963 முதல் இதனைத் தபால் வழியாகவும் ஆடத் தொடங்கினர். பிற்காலத்தில் கால்ஹமரே தபால்காரராகப் பணியாற்றினார் என்பது சுவையான செய்தியன்றோ! இன்று உலகெங்கும் பலர் இதை இணையத்தில் ஆடுகின்றனர்.

ஆடும் முறை இதுதான். முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் வரைபடமே பலகை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ருஷ்யா, துருக்கி என 7 வல்லரசுகள். ருஷ்யாவுக்கு மட்டும் 4 படைகள், மற்றவர்களுக்கு மும்மூன்று. படைக்குச் சோறிடும் ஆதார இடங்கள் மொத்தம் 34. அவற்றுள் 18-ஐப் பிடிப்பவர் வென்றவர். ஆட்டம் 1901-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தொடங்கும். ஆண்டுக்கு வசந்தம், இலையுதிர் காலம் என இரண்டு நகர்வுகள் உண்டு.

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கோ வாய்ச்சொல்லே ஆயுதம். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. ஒரு படை மட்டும் சென்று மற்றொரு படையைத் தாக்கினால் இருவர் பலமும் சமம். தாக்கியவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அண்டை நாட்டார் தம் படையைத் துணைக்குத் தந்தால் பலம் இரண்டாகும், இடம் கைமாறும். ஆகவே துணையின்றி எவரும் வெல்ல இயலாது. எழுவரும் தமக்குள் தனித்தனியே பேசி உடன்படிக்கை செய்வர். பிறகு தம் கட்டளைகளை இரகசியமாக எழுதி நடுவருக்கு அனுப்புவர். நடுவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பார். யார் சொன்ன சொல்லைக் காத்தார், யார் கைவிட்டார் என்பது அப்பொழுதுதான் வெளியாகும்.

இது நமக்குப் புதிதன்று. தலையாலங்கானத்துப் போரில் சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் கூட்டுச் சேர்ந்து பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்தனர். எழுவர் கூடியும் தோற்றனர். நம் மலைக்கு அப்பாலுள்ள தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான் ஆண்ட ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஒரு பெண், அவரே ஔவையார். திருவள்ளுவரும் 'தூது' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

"வாக்குத் தவறுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கலாமா?" என்று அருட்சகோதரி ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். சடுகுடுவில் வலப்பக்கம் பாய்வதுபோல் காட்டி இடப்பக்கம் தொடுவதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. ஆடுகளத்துக்குள் அது ஆட்டம். ஆனால் களத்துக்கு வெளியே போட்ட விதி, குறித்த கெடு, நடுவரின் சொல் ஆகியவை ஒருபோதும் பிசகக் கூடாது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 2022-ஆம் ஆண்டில் 'சிசரோ' என்னும் கணினி நிரல் மனிதர்களோடு இணையத்தில் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களுள் முதல் பத்து சதவீதத்தில் இடம்பெற்றது. பெரும்பாலும் தான் நினைத்ததையே பேசும்படி அதை அமைத்திருந்தார்கள். ஏமாற்றினால்தான் வெல்லலாம் என்பது உண்மையன்று.

இனி, நாங்கள் நடத்திய விதம். சார்ட் தாளில் வரைபடம் வரைந்தேன். தரைப்படைக்குப் புளியங்கொட்டை, கப்பற்படைக்கு அவரைக்கொட்டை என 7 வண்ணங்கள் தீட்டி வைத்தேன். ஒவ்வொரு நகர்வும் முடிந்தபின் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். புதனும் சனியும் மாலை 6 மணி கெடு. 1905-ஆம் ஆண்டோடு நிறுத்தி, அதிக இடங்கள் உடையவரை வென்றவராகக் கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்தோம். நடுவர் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. ஒருவர் கட்டளையை மற்றவருக்குக் காட்டக் கூடாது. கட்டளை வராவிட்டால் அவர் படைகள் அசையாமல் நிற்கும். இவையே விதிகள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை சோதனை வந்தது. துருக்கியாக ஆடியவள் என் உயிர்த்தோழி. புதூர்நாட்டுக்கும் மேலே ஒரு சிற்றூரில் அவள் வீடு. அன்று இடியும் மழையும், சிக்னல் போய்விட்டது. ஆறு மணிக்கு மற்ற அறுவரின் கட்டளைகளைப் பிரித்து முடிவை அனுப்பினேன். அவள் படைகள் அசையவில்லை. ருஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து பல்கேரியாவையும் அங்காராவையும் பிடித்தன. ஏழரை மணிக்கு அவள் கட்டளை வந்தது. அவள் எழுதியபடி நடந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

"எங்க ஊர்ல சிக்னல் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். நானும் இம்மலையில் பிறந்தவள்தானே! முடிவை மாற்றிவிடலாமா என்று மனம் தவித்தது. மாற்றினால், தோழிக்காக வளைந்த நடுவர் ஆவேன். மற்ற அறுவரின் இரகசியமும் அதற்குள் வெளியாகிவிட்டது. எனவே மாற்றவில்லை. நான்கு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை.

அந்நான்கு நாட்களில் எனக்கு ஒன்று விளங்கியது. என் தீர்ப்பு சரி. நான் போட்ட விதிதான் தவறு. ஆறு மணி என்பது வீட்டில் சிக்னல் உள்ளவர்களின் ஆறு மணி! எழுவரின் சம்மதத்தோடு விதியைத் திருத்தினேன். அடுத்த இரண்டு நகர்வுகளுக்கு முன்கூட்டியே கட்டளை தந்து வைக்கலாம். பிந்தி வருவது அதை மாற்றும். யாருடைய கட்டளையேனும் வராதிருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு நாள் பொறுக்க வேண்டும். அதன்பின் ஒரு கட்டளையும் தவறவில்லை. பிரான்ஸ் வென்றது. துருக்கி ஒரே நகரத்தோடு கடைசிவரை நின்றது.

அன்புத் தோழியரே! விளையாட்டானாலும், சங்கமானாலும், விழாவானாலும் நடத்துபவர் நடுநிலை தவறாதிருந்தால் மட்டும் போதாது. எல்லாரிலும் தொலைவில் இருப்பவரை நினைத்தே கெடுவைக் குறிக்க வேண்டும். வரும் விடுமுறையில் நடுவராக இருக்க என் தோழியே பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் எழுதியுள்ள முதல் விதி: "மலைமேல் உள்ளவர்கள் சந்தைக்கு இறங்கும் நாளே கெடு நாள்."

நான் இம்முறை துருக்கியாக ஆடப் போகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, புதூர்நாடு