பதிவேட்டில் இல்லாத கட்டம்

பயிற்சி வகுப்பு என்றவுடன் நம் அங்கத்தினர்களின் மனக்கண் முன் எழும் காட்சியை நான் விவரிக்கத் தேவையில்லை. ஒரு மண்டபம், வரிசையாக நாற்காலிகள், வாயிலில் கையொப்பப் பதிவேடு, பதினொரு மணிக்குத் தேநீர், அதற்கு முன்னும் பின்னும் நெடியதோர் உரை. மாலையில் பதிவேட்டில் அறுபது கையொப்பங்கள் நிறைந்திருக்கும். அறுபது பேரும் கற்றார்களா என்பதைக் குறிக்க மட்டும் அதில் கட்டம் இல்லை. அத்தகைய பதிவேடுகளைப் பார்வையிட்டு ஒப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே பிறரைக் குறை கூறும் உரிமை எனக்குச் சிறிதளவே உண்டு.

சென்ற ஆண்டு சிவகாசிக்கு அருகே பட்டாசுத் தொழிலாளர்களுக்கென நடந்த பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். நம் சங்கங்களைச் சேர்ந்த நெசவுக் குடும்பங்களிலும் கரிசல் காட்டு விவசாயக் குடும்பங்களிலும் ஒருவரேனும் பட்டாசு வேலைக்குச் செல்வது இப்பகுதியில் புதுமையன்று. வந்திருந்தோரில் பெண்களே மிகுதி. விதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன: ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது, இரும்புக் கருவி கூடாது, பருத்தி ஆடையே உடுத்த வேண்டும், கலந்த மருந்தை மறுநாளைக்கென மீத்து வைத்தல் ஆகாது. யாவும் உயிர் காக்கும் விதிகள். கேட்டவர்களிற் பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்தனர்.

அப்பொழுது பின் வரிசையிலிருந்து நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் எழுந்தார். “சார், அடைமழையில கூரை ஒழுகி, அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைஞ்சு போச்சுன்னா, அதை அள்ளி ஒதுக்கணுமா, இல்ல போட்டது போட்டபடி வெளியே போயிரணுமா?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிரியரும் கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். அலுமினியப் பொடியும் ஈரமும் சேர்ந்தால் வெப்பம் பிறக்கும், ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், பார்வைக்கு அமைதியாகக் கிடப்பது சற்று நேரங்கழித்துத் தானே தீப்பற்றவும் கூடும். ஆகையால் அதைத் தொடாமல் அனைவரும் வெளியேறிப் போர்மேனிடம் தெரிவிக்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போர்மேன் அந்நேரம் அங்கே இல்லையென்றால் என்ன செய்வது? அன்றைய கூலி என்னாகும்? முன்னதற்கு விடை கிடைத்தது, பின்னதற்குக் கிடைக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் கற்றலும் கல்லாமையும் எவ்வளவு கனமானவை என்பதை 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்து காட்டிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். முதல் வெடி கேட்டு, உதவி செய்ய வேண்டுமென்னும் நல்லெண்ணத்தோடு ஓடிச் சென்று அடுத்த வெடியிற் சிக்கியவர்கள். ஆலைக்குள் நடத்தும் வகுப்பு ஊருக்குள்ளும் நடக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனாலேயே.

அந்த அம்மையாரின் கூலிக் கேள்வியை நம் நெசவாளர் எளிதில் உணர்வர். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு வகுப்பு நாள் என்பது வருமானம் இழந்த நாள். உடல் நாற்காலியிலும் மனம் தறியிலும் இருக்குமானால் அது அவர் குற்றமன்று.

சிவகாசியே பயிற்சியால் எழுந்த ஊர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர்; மறு ஆண்டே இங்கே அத்தொழில் தொடங்கிற்று. அவர்களை எவரும் கையொப்பமிடச் சொல்லி அழைக்கவில்லை. பொய்த்துப் போகும் வானத்தை நம்பியிருந்த ஊருக்கு ஒரு தொழில் வேண்டும் என்ற தேவை அவர்களிடமே இருந்தது.

விவசாயிகளுக்கு இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1989இல் இந்தோனேசியாவில், உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு, நெற்பயிரைத் தாக்கிய புகையான் பூச்சியை முன்னிட்டு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. இருபத்தைந்து விவசாயிகள் அளவில் ஒரு குழு. வாரம் ஒரு காலை. பருவம் முழுவதும் வயலிலேயே வகுப்பு. தூரைப் பிரித்துப் பார்த்துப் பூச்சிகளை எண்ணுவர். கண்டதைப் பெரிய தாளில் படமாக வரைவர். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தமக்குள் வாதிட்டு முடிவு செய்வர். எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியரின் கட்டுப்பாடு. “இது என்ன பூச்சி?” என்று ஒருவர் கேட்டால் அவர் பெயரைச் சொல்லிவிட மாட்டார். “எங்கே கண்டீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். பொறிவண்டு அசுவினியைத் தின்பதைத் தம் கண்ணாற் கண்டவருக்கு, எல்லாப் பூச்சியும் பகையன்று என்று மேடையேறிச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னாளில் இம்முறை இந்தியப் பருத்தி வயல்களுக்கும் வந்தது.

இப்பொழுது கைப்பேசி வழியே வகுப்பு நடத்திவிட்டால் செலவு மிச்சம் என்று சில இயக்குநர்கள் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரு கல்வி நிலையங்கள் 2012-13இல் இணையத்தில் இலவசமாக நடத்திய 17 பாடங்களின் கணக்கை அவர்கள் பார்ப்பது நலம். பதிவுகள் 8,41,687, சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்து! பதிந்தவர் எல்லாரும் சான்றிதழை நாடியவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பெயர் பதிவதும் கற்பதும் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய பதிவேடு வேண்டுமோ?

கைப்பேசி வேண்டாமென்பது என் கருத்தன்று. ஜக்கார்டு அட்டை குத்துவதைப் பத்து நிமிடப் படமாகப் பார்ப்பது பயனுள்ளதே. ஆனால் இருவர் சேர்ந்து தறியருகே பார்க்கட்டும். பார்த்தவுடன் ஓர் அட்டையைக் குத்திப் பூட்டிப் பார்க்கட்டும். துணியில் பூ பிசகினால் எந்தத் துளை தவறிற்று என்று அவர்களே தேடட்டும். மறு வாரம் அவர்கள் கொண்டுவரும் பிசகிய துணியே அடுத்த பாடம்.

1844இல் ராச்டேல் நகரில் சங்கம் கண்ட முன்னோடிகளிலும் நெசவாளர் இருந்தனர். அவர்கள் பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நம் சங்கங்களும் நிகர லாபத்திலிருந்து கல்வி நிதிக்குப் பங்கு செலுத்துகின்றன. அதற்கு மேல், வகுப்புக்கு வரும் அங்கத்தினரின் ஒரு நாட் கூலியையும் பயிற்சிச் செலவாகவே கருதி வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனம் சேர்க்கும்படி அடுத்த பொதுப்பேரவையில் நீங்கள் கேட்கலாம். கையொப்பப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டி, வருபவர் ஒவ்வொருவரும் விடை வேண்டும் ஒரு கேள்வியை எழுதச் சொல்லலாம். எழுத இயலாதவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஆசிரியர் தம் உரையைத் தொடங்குமுன் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கட்டும்.