இடிப்பதற்கு முன்: எங்கே தங்குவது?

2021 ஜூலையில், நடிகர் சூர்யாவின் பிறந்த நாளையொட்டி ‘அயன்’ படக் காட்சிகளை அப்படியே நடித்து, செல்போனில் எடுத்து வெளியிட்டார்கள் சில பையன்கள். வீடியோ பரவி, சூர்யாவே பார்த்துப் பாராட்டினார். அது எடுக்கப்பட்ட இடம் திருவனந்தபுரத்தின் செங்கல்சூளை. அரசு ஏட்டில் ராஜாஜி நகர்.

தலைமைச் செயலகம் கட்டுவதற்கு 19ஆம் நூற்றாண்டில் செங்கல் சுட்ட இடம் இது என்று சொல்வார்கள். அந்தச் செயலகத்துக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். தம்பானூர் ரயில் நிலையமும் பக்கம்தான். தீயணைப்பு நிலையம் ஒட்டினாற்போல் இருக்கிறது. கேரள மாநில ஹவுசிங் போர்டின் தலைமை அலுவலகமும் தொலைவில் இல்லை. சுமார் 12 ஏக்கரில் ஆயிரம் குடும்பங்களாவது இருக்கும். 1970களில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இங்கே குடியிருப்புகளை வடிவமைத்தார். அரை நூற்றாண்டில் குடும்பங்கள் பெருகின. வராந்தா அறையானது, அறை வீடானது. ஸ்மார்ட் சிட்டி திட்டம்வரை பலமுறை இந்த இடத்தின் பெயர் மறுசீரமைப்புப் பட்டியலில் வந்துவிட்டது.

பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே கட்டுவது என்பதிலும் இப்போது பெரிய சண்டை கிடையாது. ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமுமே சாட்சி. திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் மூட்டை தூக்குபவருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும், மாநகராட்சித் துப்புரவு வேலைக்கு விடியுமுன் கிளம்புபவருக்கும் முகவரிதான் பிழைப்பு. ஆகவே ‘அதே இடத்தில் வீடு’ என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன.

சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. கட்டி முடிக்கும்வரை இவர்கள் எங்கே இருப்பார்கள்?

சென்னையில் இதற்குப் பணம் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடிக்கும்போது தரும் கருணைத் தொகை 2021இல் ரூ.8,000-லிருந்து ரூ.24,000 ஆனது. வேலை முடிய 18 மாதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. சென்னையில் இந்தக் காசுக்கு எவர் வீடு தருவார்? அட்வான்ஸ் கேட்டாலே தொகை கரைந்துபோகும். ஒப்பந்தக்காரர் தாமதித்தால் அந்தச் சுமையும் குடியிருந்தவர் தலையில்தான். காலி செய்யாமலே இருந்துவிடவும் முடியாது: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய குடியிருப்பு சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் உயிர்கள் தப்பின. மும்பையில் தற்காலிக முகாம் என்ற வழி உண்டு. அங்கே ‘தற்காலிகம்’ பல குடும்பங்களுக்கு ஒரு தலைமுறையாக நீண்டது.

திருவனந்தபுரத்திலேயே வேறொரு வழியை முயன்று பார்த்திருக்கிறார்கள். அட்டக்குளங்கரைக்கும் சாலை பஜாருக்கும் அருகே, ஒரு குளத்தைச் சுற்றி நெருக்கியடித்து வளர்ந்த கரிமடம். மத்திய அரசு 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் நிதி; மாநிலத்தில் அதன் வீட்டு வசதிப் பிரிவைக் கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீ ஒருங்கிணைத்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் காஸ்ட்ஃபோர்டு. முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், பேக்கர் ஆகியோர் 1985இல் உருவாக்கிய அமைப்பு அது. ஏறத்தாழ 560 வீடுகள் இலக்கு.

முறை எளிது. இருக்கும் கொஞ்சம் காலி இடத்தில் முதல் கட்டடம். பக்கத்து வரிசைக் குடும்பங்கள் அதில் ஏறியதும் அவர்கள் விட்டுவந்த குடிசைகள் போகும். அந்த இடத்தில் அடுத்த கட்டடம். குழந்தைகள் நகர்த்தி விளையாடும் எண் பலகையைப் போலத்தான்: ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், எல்லா எண்ணையும் இடம் மாற்றிவிடலாம். பள்ளி மாறவில்லை, ரேஷன் கடை மாறவில்லை. கட்டடங்களும் உயரமில்லை, லிஃப்ட் பழுதானால் தாத்தா பாட்டி மேலேயே சிறைப்படும் கதை இங்கே இல்லை. சுவர்கள் பூசாத செங்கல். பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறி’க் கட்டுமுறையில் கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. பூசாத சுவரைப் பார்த்து ‘பாதியில விட்டுட்டாங்களா’ என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் இந்த முறைக்கு நிதானம் வேண்டும். கட்டம் கட்டமாக நடப்பதால் ஆண்டுகள் பிடிக்கும். மத்தியத் திட்டங்களோ கால வரம்பு வைத்து வருகின்றன. 2015இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தபோது விதிகளும் நிதிப் பங்கும் வேறாகிவிட்டன. கரிமடத்தின் பிந்தைய கட்டங்கள் இழுத்துக்கொண்டு போயின. பலகையில் ஒரு நகர்வு நின்றால் மற்றவையும் நிற்கும். புது வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் எதிரெதிரே ஆண்டுக்கணக்கில் இருப்பது அக்கம்பக்க உறவுக்கு நல்லதல்ல.

இன்னொரு தகராறு பயனாளிப் பட்டியலில் வரும். கதவை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா? ஒரு கதவெண்ணுக்குள் அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்று மூன்று அடுப்பு எரியும். கதவை எண்ணினால் இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வரும். அடுப்பை எண்ணினால் நிலம் போதாது. மாடியை உயர்த்த வேண்டும், செலவு ஏறும். வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். இடம்பெயர்க்காத திட்டம் என்று பெயர் வாங்கியவற்றிலும் சத்தமில்லாமல் வெளியேறுகிறவர் இவர்தான்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. சிங்கப்பூர் 1995இல் கொண்டுவந்த மறுசீரமைப்புத் திட்டத்தில் மாற்று வீடுகளை அருகிலேயே முதலில் கட்டிவிட்டு, பிறகுதான் பழைய பிளாக்குகளைக் காலி செய்தார்கள். வீடு மாறுவது ஒரே ஒரு தடவை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து விண்ணப்பித்து அடுத்தடுத்த வீடு வாங்கவும் வழி வைத்தார்கள். நிலமும் காசும் அரசின் கையில் இருக்கும் ஊர், செய்ய முடிந்தது என்பார்கள். செங்கல்சூளையைச் சுற்றி இருப்பதும் பெரும்பாலும் அரசு நிலம்தானே? ஏதாவது ஒரு துறை ஒரு ஏக்கரை இரண்டு மூன்று ஆண்டுக்கு இரவல் தந்தால் முதல் கட்டடம் எழும்பிவிடும்.

செங்கல்சூளைக்காரர்கள் தங்கள் கதையை யாரும் எழுதித் தரக் காத்திருக்கவில்லை. ஹரித கர்ம சேனையில் குப்பை சேகரிக்கும் தனுஜா குமாரி அங்கத்திய வாழ்க்கையை 2014இல் புத்தகமாக எழுதினார். பல்கலைக்கழகப் பாடத்திலும் அது இடம்பெற்றது. 2024 ஜூனில் கேரள அரசு ‘காலனி’ என்ற பெயரையே கைவிடச் சொல்லி ஆணையிட்டது. பெயர் மாற்ற ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. வீட்டு விஷயத்தில் கேட்க வேண்டிய கையெழுத்து வேறு: எந்த வரிசை முதலில் இடிபடும், அவர்களுக்கு எந்த எண் வீடு, சாவி கைக்கு வரும் நாள்வரை வாடகை யார் தருவது என்று இடிக்கும் முன்பே எழுதிக் கொடுக்கும் காகிதத்தில்.