கத்திரி வெயிலில் தரையைப் பாருங்கள்

பங்குனி முடிவதற்குள் வீராணம் ஏரியிலிருந்து நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் வடக்கே கிளம்பிவிடும். அத்தோடு பறவை பார்ப்பவர்கள் பலரும் பைனாகுலரை உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். மறுபடி எடுப்பது ஐப்பசி மழைக்குத்தான். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது பெரிய இழப்பு. சித்திரை முதல் ஆடி வரை இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் பறவைகள் பலவற்றுக்குக் குஞ்சு பொரிக்கும் காலம். அவற்றில் பல மரம் ஏறுவதே இல்லை. தரிசு என்றும் சும்மா கிடக்கிற இடம் என்றும் நாம் கடந்துபோகும் தரையில்தான் முட்டையிடுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது ஆள்காட்டி. இங்கே இரண்டு வகை உண்டு. செம்மூக்கு ஆள்காட்டி தண்ணீர் ஓரத்தை விடாது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி காய்ந்த மேட்டுநிலத்தை நாடும்; இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், வரத்து குறைந்த ஆண்டுகளில், ஏரியின் ஓரங்கள் பொருக்கு வெடித்துக் கிடக்கும். ஊர் ஏரிகள் பலவற்றிலும் இதே கதைதான். ஆள்காட்டிக்கு அதுவே வீடு.

கூடு என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம், சுற்றிலும் பொடிக்கற்களும் ஆட்டுப்புழுக்கையும். நடுவில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கி இருக்கும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள் இருப்பதால் இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணில் படாது. இந்த வெயிலில் முட்டைக்குச் சூடு கொடுக்க வேண்டியதே இல்லை. சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. நண்பகலில் பறவை முட்டைமேல் படுக்காமல், காலை ஊன்றி நின்று நிழல் தருகிறது. துணைப்பறவை அருகிலுள்ள குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்து மாற்றிவிடுகிறது. ஏறக்குறைய நான்கு வாரம் இப்படிப் போகும். பொரித்த குஞ்சு சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். தாய் கத்தினால் இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். காலுக்குக் கீழே இருந்தாலும் தெரியாது என்பதால்தான் சொல்கிறேன்: இரண்டு ஆள்காட்டிகள் தலைக்குமேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால், வந்த வழியே திரும்பி நடங்கள். நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன.

ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. ஏரிக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. ஆனால் தரை காய்ந்திருக்கும் மாதங்களில்தான் அந்த வேலை நடக்கும். ஆள்காட்டி அடைகாப்பதும் அதே மாதங்களில்தான். பொக்லைனை இறக்கும் முன் ஊர்க்காரர் ஒருவர் காலையில் ஒரு நடை சுற்றிவந்து, ஆள்காட்டி விடாமல் கத்தும் துண்டை மட்டும் ஒரு மாதம் விட்டுவைக்கச் சொன்னால் போதும். ஏரியின் பரப்போடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கடற்கரைக்கு வாருங்கள். பெண்ணையாறு கடலில் சேரும் தாழங்குடா, கெடிலத்தின் முகம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், கிள்ளைக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகள் — இந்த மாதிரி இடங்களில் கோடையில் சிறிய ஆலாவைத் தேடலாம். மைனா அளவுதான் இருக்கும். மஞ்சள் அலகின் நுனி கருப்பு, நெற்றி வெள்ளை. நீர்மேல் ஒரே இடத்தில் படபடவென்று நின்று, கல் விழுந்ததுபோல் செங்குத்தாக மீன்மேல் விழும். அதுவும் வெறும் மணலில் சிப்பித்துண்டுகளுக்கு நடுவே முட்டையிடும் பறவை.

மணலிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள்: கொஞ்சதூரம் ஓடி, நின்று, மறுபடி ஓடும் சின்ன உப்புக்கொத்தி. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை சித்திரையில் திரும்பியிருக்கும். அதன் பிறகும் ஒரு ஜோடி நம் மணலில் நின்றால் அது அனுமன் உப்புக்கொத்தியாக இருக்கக்கூடும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இந்தப் பறவையை 1915இல் வெறும் துணையினமாகத்தான் பெயரிட்டார்கள். தனி இனம் என்று நிறுவிய ஆய்வு வெளிவந்தது 2023இல். கண்டால் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்து, தேதியோடு பதிவு செய்துவிடுங்கள். சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் அது ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். மணலில் பைக் ஓட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்; டயர் தடத்துக்கும் இந்த முட்டைகளுக்கும் இடையே வேறு காப்பு கிடையாது.

2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிச்சாவரத்திலும் கோடையில் சேறு காலியாக இருப்பதில்லை. வலசை வந்த எல்லாப் பறவைகளும் திரும்பிப் போவதில்லை. ஒரு வயதுகூட ஆகாத சிறு கோட்டான்கள் சில, இணைசேரும் பருவம் வராததால், முதல் கோடையை இப்படிப்பட்ட சேற்றிலேயே கழிக்கின்றன. ஓதம் வடியும் நேரத்தில் படகில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கடலூரை அடுத்த கேப்பர் மலையும் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடுகளும் தனி உலகம். மண் சரிந்த கரைகளில் பச்சைப் பஞ்சுருட்டான் கை நுழையாத அளவுக்குச் சின்னப் பொந்து குடைந்து, நீண்ட சுரங்கத்தின் கடைசியில் குஞ்சு வளர்க்கும். முந்திரித் தோப்பில் பொழுது சாய்ந்ததும் “சக்... சக்... சக்” என்று ஆரம்பித்து நாணயம் உருண்டு அடங்குவதுபோல் முடியும் குரல் பக்கியுடையது. கூடே கட்டாமல் சருகின்மேல் இரண்டு முட்டை இடும். கொட்டை பொறுக்குகிறவர்களின் காலடியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து பறக்கும் பறவை இதுவே. எழுந்த இடத்துச் சருகை மட்டும் கூட்டாமல் விட்டால் மீண்டும் வந்து அமரும்.

மற்ற பறவைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரலில் வீட்டுத் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி களைத்து இறங்கினால் தொடாதீர்கள், பூனையை மட்டும் உள்ளே கட்டுங்கள். வடக்கே போகும் வழியில் இளைப்பாறுகிறது. கொண்டை வைத்த கருப்பு வெள்ளைச் சுடலைக்குயில், தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை வைக்க இடம் தேடும். ஆனி, ஆடியில் தாமரையும் அல்லியும் படர்ந்த ஏரிகளில் நீளவால் இலைக்கோழிக்கு வால் முழுநீளம் வளர்ந்திருக்கும். அங்கே அடைகாப்பது முழுக்க ஆண்பறவையின் வேலை.

பார்க்கப் போகிறவர்கள் காலை எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இ-பேர்டு போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் கோடைப் பட்டியல்கள் குளிர்காலத்தைவிடக் குறைவு. ஒரு ஏரியின் மே மாதப் பட்டியல்கூடப் பயன்படும். ஆனால் கூடு இருக்கும் சரியான இடத்தையும் முட்டைப் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். முட்டை எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் கரையில் விளையாடும் சிறுவர்களுக்கு அன்பாகச் சொல்லுங்கள், ஒருமுறை பைனாகுலரையும் அவர்கள் கையில் கொடுங்கள்.